கோட்டையைக் கடைசியில் பாருங்கள்: லுவார் பள்ளத்தாக்கில் ஒரு நாளைக் கழிக்கும் முறை

பிரான்சின் லுவார் நதிக்கரைக் கோட்டைகளை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சுற்றுலாப் பேருந்தில். ஒரே நாளில் நான்கு கோட்டைகள். மறுநாள் எடுத்த படங்களைப் புரட்டியபோது எந்தக் கூரை எந்த ஊரில் இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. பிறகு அதே பள்ளத்தாக்கில் இருக்கும் தூர் நகரில் குடியேறினேன். பதினோரு ஆண்டுகளாக, வீட்டுக்கு வரும் உறவினர்களை நானே அழைத்துச் செல்கிறேன். இப்போது ஒரு நாளுக்கு ஒரு கோட்டைதான், அதுவும் கடைசியில்தான். முதலில் ஊர்.

இதற்கு வலுவான காரணம் உண்டு. அரசர் ஓர் ஊரில் தங்கினால் அவருடைய கருவூல அதிகாரி முதல் குதிரைக்காரர் வரை அத்தனை பேரும் அங்கே இடம் தேடினார்கள். செல்வாக்குள்ளவர்கள் கோட்டை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாளிகை எழுப்பினார்கள். ப்ளுவாவில் சேன் ஒனோரே தெருவில் இருக்கும் அலுய் மாளிகையைப் பாருங்கள். அரசவையில் பெரும் பதவி வகித்த ஃப்லோரிமோன் ரொபெர்த்தே 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறுகிறவருக்கு, அரண்மனையில் தாம் காணும் அலங்காரத்தை ஓர் அதிகாரி எவ்வளவு ஆசையோடு தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது தானாகவே விளங்கும்.

ஆகவே முதல் வேலை, ஊரோடு ஒட்டிய கோட்டையைத் தேர்ந்தெடுப்பது. தூரிலிருந்து போவதற்கு நான் சொல்லும் ஊர்கள் ப்ளுவா, அம்புவாஸ், லோஷ், ஷினோன். நான்குக்கும் கார் தேவையில்லை. அம்புவாஸுக்கு ரயிலில் ஏறக்குறைய இருபது நிமிடம், ப்ளுவாவுக்கு நாற்பது நிமிடம், மற்ற இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை வருகிறவர்களை நான் அம்புவாஸுக்கு அழைத்துப் போகிறேன். ரயில் நிலையம் ஆற்றின் வடகரையில், கோட்டை தென்கரையில். டாக்சி வேண்டாம், பாலத்தின் மேல் நடந்தே போங்கள். நடுவில் இருக்கும் தீவைத் தாண்டியதும் நின்று நிமிர்ந்து பாருங்கள். பாறை, பாறையின் மேல் அரண்மனை, காலடியில் நெருக்கியடித்த வீடுகள். மூன்றும் ஒரே வெளிர் நிறம். இந்த வட்டாரத்தின் மென்மையான சுண்ணாம்புக்கல்லான துஃபோதான் அந்த நிறத்துக்குக் காரணம். கோட்டையைக் கடந்து விக்தோர் யூகோ தெருவில் நடந்தால், அதே பாறையைக் குடைந்து அமைத்த வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் புகைபோக்கியும் வைத்திருப்பதைக் காணலாம். என் அம்மா அங்கே ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கையெல்லாம் வெள்ளைப் பொடி. "இவ்வளவு மிருதுவான கல்லிலா அரண்மனை?" என்று கேட்டார். ஆமாம், அதனால்தான் இவ்வளவு நுட்பமாகச் செதுக்க முடிந்தது, அதனால்தான் இவ்வளவு வேகமாகத் தேய்கிறது. கல்லைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சிற்ப வேலை உள்ள இடங்களில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அந்தத் தெருவின் கோடியில் க்ளோ லூசே. 1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பில் வந்த லியோனார்டோ டா வின்சி, 1519 மே 2 அன்று இறக்கும்வரை வாழ்ந்த வீடு. அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிக் கோட்டைக்கு ஏறுங்கள். மேலே சேன் உய்பேர் சிற்றாலயத்தில் அவருடையவை என்று கருதப்படும் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து கல்லறைவரை உங்கள் காலால் நடந்த அந்தத் தூரம் மனத்தில் தங்கும். கோட்டையின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பராமரிக்கப் பணமில்லாமல் இடிக்கப்பட்டது. இப்போது நிற்பது மிச்சம் மட்டுமே என்ற நினைவோடு பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இங்குள்ள பெரிய உருளைக் கோபுரங்களுக்குள் படிகள் கிடையாது, குதிரையும் வண்டியும் ஏறுவதற்கான சுழல் சரிவு இருக்கிறது. நாங்கள் எர்த்தோ கோபுரத்தின் சரிவு வழியாகத்தான் இறங்கினோம். அம்மா ஒரு முறைகூட உட்காரவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது லோஷ். ஆந்த்ர் என்ற சிறு ஆற்றங்கரையில் இருக்கிறது. அதிகம் பேசப்படாத ஊர். புதன் அல்லது சனிக்கிழமை போனால் தெருக்களில் சந்தை கூடியிருக்கும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையிலிருந்து பிக்குவா வாசல், அங்கிருந்து மேட்டை நோக்கி அரச வாசல். ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் தெரு குறுகும், சத்தம் குறையும், கல்லின் வயது கூடும். கீழிருந்து ஏறுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். காரில் மேலே போய் இறங்குகிறவர்களுக்கு இந்த மாற்றம் கிடைப்பதில்லை.

உள்ளே போனதும் முதலில் சேன்-தூர்ஸ் தேவாலயம். ஏழாம் சார்லஸ் மன்னரின் காதலியும் 1450-இல் இறந்தவருமான ஆக்னெஸ் சொரேலின் கல்லறை அங்கே இருக்கிறது. வெண்கல்லில் அவர் படுத்திருக்க, தலைமாட்டில் இரு தேவதூதர்கள், காலடியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். அவர் பெயர் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லை நினைவூட்டுவதால் அந்தக் குட்டிகள். கூட்டம் இல்லாத நேரத்தில் பத்து நிமிடமாவது அங்கே நில்லுங்கள்.

பிறகு வடக்கே அரச மாளிகை, கடைசியாகத் தெற்கே பெரிய கோபுரம். மாளிகையில், ஓர்லியான் நகரை ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து மீட்ட பிறகு 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் அதே ஏழாம் சார்லஸைச் சந்தித்து, ரான்ஸ் நகருக்குப் போய் முடிசூட்டிக்கொள்ளும்படி வலியுறுத்தினார். தோன்ஜோன் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் கோபுரம் அதைவிட நான்கு நூற்றாண்டு பழையது, ஆன்ஷூ பிரபு ஃபுல்க் நேரா எழுப்பியது. உயரம் ஏறத்தாழ 36 மீட்டர். உள்ளே தளங்கள் எல்லாம் போய்விட்டன, கணப்பு அடுப்புகள் மட்டும் வெவ்வேறு உயரங்களில் சுவரில் ஒட்டியிருக்கின்றன. எந்த உயரத்தில் அடுப்போ அங்கே ஒரு தரை இருந்தது. குழந்தைகளிடம் எத்தனை மாடி என்று எண்ணச் சொல்லுங்கள், விளக்கப் பலகையைப் படிக்க வைப்பதைவிட இது பலன் தரும்.

ப்ளுவாவுக்குப் போனால் முற்றத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். 13-ஆம் நூற்றாண்டு மண்டபம், செங்கல்லும் வெண்கல்லும் கலந்த பன்னிரண்டாம் லூயியின் பகுதி, திறந்த சுழல்படி கொண்ட பிரான்சுவாவின் பகுதி, பிறகு 1635-இல், அப்போதைய மன்னரின் தம்பி கஸ்தோன் இளவரசருக்காகக் கட்டடக் கலைஞர் மான்சார் கட்டத் தொடங்கிய பகுதி. இந்தக் கடைசிப் பகுதி முற்றுப்பெறவில்லை. 1638-இல் பதினான்காம் லூயி பிறந்ததும் கஸ்தோன் அடுத்த வாரிசு என்ற நிலையை இழந்தார், பணமும் நின்றது. யார் கட்டியது என்று குழம்பினால் சுவரில் விலங்கைத் தேடுங்கள். முள்ளம்பன்றி என்றால் பன்னிரண்டாம் லூயி. தீயின் நடுவே பல்லி போன்ற சாலமாண்டர் என்றால் முதலாம் பிரான்சுவா. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் கோட்டைகளை வழிகாட்டி இல்லாமலே படிக்கலாம்.

புகழ்பெற்ற ஷம்போர் கோட்டையை ஏன் சொல்லவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1519-இல் தொடங்கிய மாபெரும் கட்டடம், இரட்டைச் சுழல்படி அற்புதமானது, கட்டாயம் பாருங்கள். ஆனால் அது வேட்டைக்காடு, 32 கிலோமீட்டர் மதில் சூழ்ந்தது. பிரான்சுவா தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் அங்கே தங்கியது மொத்தமாகச் சில வாரங்களே. அதைச் சுற்றி ஒரு நகரம் வளரவில்லை. ப்ளுவாவைப் பார்த்த பின் தனியாக அரை நாள் ஒதுக்கிப் போங்கள், இடையில் திணிக்காதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கவனம் தேவை. சிறிய ஊர்களில் உணவகச் சமையலறை பகல் இரண்டு மணிக்கு மூடிவிடும், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். அல்லது லோஷ் சந்தையில் வாங்கிய ரொட்டியோடு ஆற்றங்கரைக்குப் போங்கள். குளிர்காலத்தில் கோட்டைகளும் சீக்கிரம் மூடுகின்றன, ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊரைக் காலையிலேயே சுற்றிவிட்டு, சாப்பிட்டவுடன் ஏறிவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் பாரம்பரிய நாள்கள் நடக்கும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் மாளிகைகள் பல அப்போது திறந்திருக்கும். கூட்டம் அதிகம்தான், இருந்தாலும் வாருங்கள்.

லோஷிலிருந்து திரும்பும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: தூருக்குப் போகும் சேவைகளில் சில ரயில், சில பேருந்து. மாலை வண்டிகள் குறைவு. கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே நேரத்தைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.