பூரானைப் பெட்டியில் வளர்த்துக் குட்டி எடுப்பது

பூரான் வளர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நல்ல பெட்டி, ஈரமண், வாரம் ஒரு கரப்பான்பூச்சி இருந்தால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் வாழும். குட்டி எடுப்பதுதான் வேறு வேலை. அதிலும் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது சின்னப் பகுதிதான். பெண் முட்டையிட்ட பிறகு இரண்டு மாதம் பெட்டியில் கை வைக்காமல் இருப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போகிறார்கள். அதனால் பின்னால் பெட்டியைத் திறக்கும் அவசியமே வராதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே எப்படிச் செய்து வைப்பது என்பதில்தான் இங்கே அதிகம் நிற்கப் போகிறேன்.

முதல் தடவை என்றால் ஸ்கோலோபெண்ட்ரா மோர்சிடன்ஸ் இனத்தை எடுங்கள். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம், உலகத்தின் வெப்பநாடுகள் பலவற்றில் பரவியிருக்கிறது, தமிழ்நாட்டில் கல்லுக்கடியிலும் விறகுக் குவியலிலும் தோட்டத்துச் சருகிலும் பார்ப்பது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பத்து பன்னிரண்டு சென்டிமீட்டர் வளரும். கறுப்பும் ஆரஞ்சும் பட்டைபட்டையாக இருக்கும் ஹார்ட்விக்கி பூரானைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் அருமையான உயிர் அது, ஆனால் மோர்சிடன்ஸில் கை பழகிய பிறகு அதை யோசிக்கலாம். மோர்சிடன்ஸைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது: ஆண் பெண் அடையாளம் வெளியிலேயே தெரியும். அதைக் கீழே சொல்கிறேன். பிடிப்பதாக இருந்தால் சொந்தத் தோட்டத்திலோ கேட்டுக்கொண்டு மற்றவர் வயலிலோ மட்டும் பிடியுங்கள். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா பக்கம் போகவே வேண்டாம், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

கடி பற்றி. தலைக்கு அடுத்த முதல் ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது. வலி கடுமையாக இருக்கும், வீங்கும், சிலருக்கு அடுத்த நாள் வரை குத்திக்கொண்டே இருக்கும். எத்தனை வருஷம் பழகினாலும் பூரானுக்கு உங்களைத் தெரியாது, எனவே கையில் எடுப்பது என்ற பேச்சே கூடாது. முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கி, மென்மையான தூரிகை, மூடியுள்ள அகலமான கண்ணாடி பாட்டில், இந்த மூன்றும் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி நன்றாகத் தணியும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தலைசுற்றல் இருந்தால், அல்லது கடிபட்டது சின்னக் குழந்தையென்றால், தாமதிக்காமல் மருத்துவமனை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்த வேலையைச் சில வருஷம் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெட்டிக்கு வருவோம். இறுகப் பூட்டும் மூடியுள்ள, நிறமற்ற பிளாஸ்டிக் டப்பா போதும், ஆனால் மண்ணின் மேல்பரப்பிலிருந்து மூடி வரைக்கும் உள்ள உயரம் பூரானின் நீளத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் மூடியைத் தூக்கும்போது அது விளிம்பில் இருக்கும். காற்றுத் துளைகள் அதன் தலையைவிடச் சிறியதாக இருக்கட்டும். பெரிய துளை போட்டு வலை ஒட்டுவதானால் உலோக வலையே ஒட்டுங்கள், துணிவலையையும் நைலான் வலையையும் கடித்துக் கிழித்துவிடும்.

மண்ணுக்கு, தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டு, உரம் படாத தோட்டமண்ணோடு சரிபாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் நார்க்கழிவில் வளை நிற்காது, சரிந்துவிடும். முட்டையிடும் பெண்ணுக்கு இது முக்கியம். ஆழம் பத்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேலே வளைந்த மரப்பட்டை ஒன்று, உடைந்த ஓடு ஒன்று, கொஞ்சம் சருகு, ஒரு மூலையில் சின்னத் தண்ணீர்த் தட்டு. பூரானின் மேல்தோலில் நீரைத் தடுத்து வைக்கும் மெழுகுப் படலம் சரியாகக் கிடையாது, மூச்சுத் துளைகளையும் அதனால் மூட முடியாது, ஆகவே வறண்ட பெட்டியில் வேகமாக வாடிச் செத்துப்போகும். அதற்காகச் சேறாக்கினால் பூஞ்சை பிடிக்கும். மண்ணை ஒரு பிடி பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் கொஞ்சம் காய்ந்தும் இருந்தால் எங்கே வேண்டுமோ அங்கே அதுவே போய்க்கொள்ளும். வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் மொட்டை மாடி அறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் மூன்று ஆபத்து உண்டு. ஒன்று எறும்பு: தோல் உரிக்கிற பூரானையும் முட்டைகளையும் ஒரே ராத்திரியில் தின்று தீர்த்துவிடும், அதனால் பெட்டியை வைக்கும் மேஜையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். இரண்டாவது கொசுவர்த்தி, மின்சாரக் கொசுவிரட்டி: கொசுவைக் கொல்கிற அதே மருந்துதான் பூரானுக்கும், அந்த அறையில் அது எரியக் கூடாது. மூன்றாவது அடுப்படியில் பிடித்த கரப்பான்பூச்சி: எந்த வீட்டில் என்ன மருந்து தின்று வந்திருக்கிறதோ தெரியாது. இரைக்கென்று தனியாகக் கரப்பானோ சுவர்க்கோழியோ வளர்த்துக்கொள்ளுங்கள், குட்டிகள் வந்த பிறகு எப்படியும் தேவைப்படும்.

சரி, ஆண் பெண். பெரும்பாலான பூரான் இனங்களில் கடைசிக் கண்டத்தை, அதாவது உடம்பின் கடைசி வளையத்தை, மெல்ல அழுத்தி உறுப்பை வெளியே வரவைத்துத்தான் பார்க்க வேண்டும், அதில் பூரானுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. மோர்சிடன்ஸில் அந்தத் தொல்லை இல்லை. முதிர்ந்த ஆணின் கடைசி ஜோடிக் கால்களை, அதாவது வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டையும், மேலிருந்து பாருங்கள்: மேற்பரப்பு தட்டையாகி, ஓரத்தில் வரப்புக் கட்டியதுபோல விளிம்பு எழும்பியிருக்கும். பெண்ணுக்கு அந்தக் கால் உருண்டையாகவே இருக்கும். கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, நல்ல வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும், தொடவே வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் பெண்ணுக்கு நன்றாகத் தீனி போடுங்கள். முட்டையைக் காக்கும் காலம் முழுக்க அது பட்டினி கிடக்கப் போகிறது, அந்தப் பட்டினிக்கான கொழுப்பை இப்போதே உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கண்டங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தோல் விரிந்து தெரிகிற அளவுக்குப் பெருத்திருந்தால் நல்லது. பசித்த பெண்ணிடம் ஆணை விட்டால் அது இரையாகவும் ஆகலாம். தோல் உரிக்கப் போகிற நேரத்திலும் சேர்க்காதீர்கள். சாப்பிடாமல் நிறம் மங்கி மந்தமாகக் கிடந்தால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம், உரித்து, உரித்த தோலைத் தானே தின்று, உடம்பு கெட்டியாகிப் பழையபடி இரை பிடிக்கத் தொடங்கிய பிறகு சேருங்கள்.

இருவருக்கும் இடம் தாராளமாக உள்ள ஒரு பெரிய பெட்டியை இருட்டிய பிறகு தயார் செய்து, முதலில் பெண்ணையும் சிறிது நேரம் கழித்து ஆணையும் விடுங்கள். முதலில் கைகலப்பு மாதிரித்தான் தெரியும். ஒன்றையொன்று கடைசிக் கால்களால் பிடித்துக்கொண்டு நிற்கும். பயந்து பிரித்துவிடாதீர்கள். கொடுக்கு உடம்பில் பதிந்தால் மட்டுமே தலையிட வேண்டும், அதற்கும் தூரிகையும் ஒரு அட்டைத் துண்டும் கையில் இருக்கட்டும். ஒத்துப்போனால் ஆண் உணர்கொம்பால் பெண்ணின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி நெருங்கும், பிறகு மெல்லிய இழைகளால் ஒரு சின்ன வலை பின்னி அதன்மேல் விந்துப் பையை வைக்கும், பெண் அதன்மேல் ஊர்ந்து வந்து எடுத்துக்கொள்ளும். நேரடிப் புணர்ச்சி என்று ஒன்று கிடையாது. பல மணி நேரம் ஆகலாம், ஒன்றும் நடக்காமலும் போகலாம், நடக்காவிட்டால் சில நாள் கழித்துத் திரும்ப முயலுங்கள். முடிந்ததும் ஆணை எடுத்துவிடுங்கள்.

பெண் அந்த விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். முட்டை சில வாரங்களிலும் வரும், மாதங்கள் கழித்தும் வரும். வெளியில் பிடித்த பெண் ஆணையே பார்க்காமல் உங்கள் பெட்டியில் முட்டையிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், பிடிக்கும்போதே சேர்ந்திருக்கும். அதனால் எந்தப் பெரிய பெண் பூரானையும் முட்டையிடப் போகிறது என்றே வைத்துக்கொண்டு பெட்டியை அமைப்பது புத்திசாலித்தனம்.

அந்த அமைப்பு இப்படி: பெட்டியின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, மண்ணுக்கடியில் விரல் நுழையும் ஒரு குழியைக் கட்டி, மேலே ஓட்டுத் துண்டைப் பதித்து மூடுங்கள். வெளிப்புறச் சுவரில் அந்த இடத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். பெண் பெரும்பாலும் அங்கேதான் போய்ப் படுக்கும். பிறகு எப்போதாவது தாளை மெல்ல உயர்த்தி மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம், மூடியைத் திறக்க வேண்டியதில்லை. எதிர்மூலையில் ஒரு உறிஞ்சு குழாயைச் செங்குத்தாக அடிமண் வரை இறக்கி வைத்து, அதன் வாய் மூடிக்கு நேரே ஒரு சின்னத் துளையில் வந்து நிற்கும்படி செய்துவிட்டால், மண் காய்வதாகத் தெரியும்போது ஊசிக்குழலால் அதன்வழியே தண்ணீர் விடலாம். மேலிருந்து தெளிக்கக் கூடாது.

முட்டைகள் மஞ்சளான சின்ன மணிகள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக இருக்கும். தாய் வயிற்றுப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுருண்டு, கால்களால் அந்தக் கொத்தை மண்ணில் படாமல் அணைத்துக்கொள்ளும், அடிக்கடி நக்கிச் சுத்தம் செய்யும். பூஞ்சை பிடிக்காமல் இருப்பது அந்த நக்கலால்தான். தாயிடமிருந்து எடுத்துத் தனியாகப் பொரிக்க வைக்கிற முட்டைகள் பெரும்பாலும் பூஞ்சை பிடித்துப் போவது இதனால்தான், அந்த யோசனையே வேண்டாம். அதிர்வு, வெளிச்சம், ஓடித் திரியும் இரை, இந்த மூன்றில் எது வந்தாலும் தாய் முட்டைகளைத் தின்றுவிடலாம், அல்லது விட்டுவிட்டுப் போய்விடலாம். எனவே முட்டை தெரிந்த அன்றே இரை போடுவதை நிறுத்துங்கள், உள்ளே உயிரோடு இரை இருந்தால் சத்தமில்லாமல் எடுக்க முடிந்தால் எடுங்கள். பெட்டி இருக்கும் இடத்தில் வாஷிங் மெஷின் அதிர்வு வருமா, கதவு டமார் என்று சாத்துமா என்பதையெல்லாம் இதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும், இனிமேல் பெட்டியை நகர்த்த முடியாது.

முட்டை ஓடு பிளந்ததும் வெளியே வருவது பூரான் மாதிரியே இருக்காது. வெள்ளையாக, வளைந்து, அசையாமல் கிடக்கும். உடம்பிலிருக்கும் மஞ்சள் கருவிலேயே வாழ்ந்துகொண்டு அங்கேயே தோல் உரிக்கும், ஒவ்வொரு உரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூரான் உருவம் வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெரிய பூரானுக்கு உள்ள 21 ஜோடிக் கால்களும் குட்டிக்குப் பிறக்கும்போதே இருப்பது. குளியலறையில் ஓடும் நீளக்கால் பூரான் அப்படி இல்லை, 4 ஜோடியோடு பிறந்து உரிக்க உரிக்க 15 ஜோடிக்கு வரும். முட்டையிலிருந்து குட்டிகள் நடமாடும் வரை சுமார் இரண்டு மாதம், வெப்பத்தைப் பொறுத்து முன்பின் ஆகலாம்.

எப்போது பிரிப்பது? தலை கருக்க ஆரம்பித்து, குட்டிகள் தாயின் பிடியிலிருந்து இறங்கி மண்ணில் அலைந்து திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டம் வரும். அப்போதும் பொறுங்கள். தாயின் சுருள் தளர்ந்து, குட்டிகள் தாங்களாகவே சிதறத் தொடங்கும்போதுதான் நேரம். அதற்கு மேல் தாமதித்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். முதலில் தாயை பாட்டிலுக்குள் ஓட்டி எடுத்துவிட்டு, அப்புறம் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தள்ளி டப்பாக்களில் சேருங்கள். தாய் மெலிந்து போயிருக்கும், தண்ணீரும் மென்மையான சின்ன இரையும் உடனே கொடுங்கள்.

குட்டி ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, சட்னி பார்சலுக்குக் கொடுக்கிற மூடி போட்ட சின்ன டப்பா அளவு போதும். சூடான ஊசியால் துளை போடுங்கள், குட்டி எவ்வளவு மெல்லியது என்பதை மறந்து பெரிய துளை போட்டுவிடாதீர்கள். மூன்று சென்டிமீட்டர் மண், ஒரு சருகுத் துண்டு, கிடைத்தால் பூஞ்சையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் என்ற பொடி உயிர்கள் கொஞ்சம். பெரிய பூரானைவிடக் குட்டி சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரத்தைப் பாருங்கள். முதல் தீனிக்கு, நறுக்கிய உணவுப்புழு (மீல்வார்ம்) துண்டு, கரப்பானின் தொடைத் துண்டு, பழ ஈ, பொரித்து இரண்டு மூன்று நாளான சுவர்க்கோழிக் குஞ்சு, எது கிடைத்தாலும் சரி. கரையான் நல்ல இரை, மென்மையாக இருக்கும், ஆனால் தாடை பெருத்த காவல் கரையானை ஒதுக்கிவிட்டு வேலைக்காரக் கரையானை மட்டும் போடுங்கள், அதுவும் மருந்து அடிக்காத இடத்துப் புற்றிலிருந்து. வாரம் இரண்டு முறை போடலாம், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவில் சிலந்திப்பேன் மாதிரியான பொடிப் பூச்சிகள் பெருகும். ஒரு குட்டி சாப்பிடாமல் வெளுத்துக் கிடந்தால் உரிக்கப் போகிறது, இரையை எடுத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். உயிருள்ள சுவர்க்கோழி உரிக்கிற குட்டியையே கடித்துத் தின்னும்.

எல்லாம் பிழைக்காது. சில குட்டிகள் முதல் இரண்டு உரிப்பிலேயே போய்விடும், எவ்வளவு கவனித்தாலும் வருத்தமாகத்தான் இருக்கும். மிச்சமுள்ளவற்றை நீளம் கூடக்கூடப் பெரிய டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள்.

குட்டிகள் அதிகம் என்று வெளியூர் இனத்தை உங்கள் ஊர்த் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள், பொறுப்பாக வளர்க்கிறவர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் தாய் பிடிபட்ட ஊர், தாயைவிட்டுப் பிரித்த தேதி, கடைசியாகத் தோல் உரித்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டியே கொடுங்கள். ஊர் தெரியாவிட்டால், அடுத்து வளர்ப்பவர் ஒரே தாயின் குட்டிகளையே தெரியாமல் ஜோடி சேர்க்க நேரும்.