மூன்று செயலிகளை இணைப்பது எப்படி? ஒரு சேலைக்கடையிலிருந்து தொடங்குவோம்

சிங்கப்பூரின் தேக்காவில் சேலைக்கடை வைத்திருக்கும் என் அத்தையிடம் மூன்று செயலிகள் உண்டு: ஆர்டர் வாங்கும் வலைத்தளம், சரக்கு இருப்பு, வரவு செலவு. ஒன்றில் வந்த ஆர்டரை மற்ற இரண்டிலும் கையால் அடிப்பார். தீபாவளி நெருங்கினால் நள்ளிரவு வரை இதே வேலைதான். அந்த மூன்றையும் இணைத்துக் கொடுத்த வழியை, நிரல் எழுதப் பழகுபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் தாளும் பேனாவும். எந்தத் தகவலுக்கு எந்தச் செயலி பொறுப்பு என்று எழுதுங்கள். இருப்பு எண்ணிக்கையைச் சரக்குச் செயலி மட்டுமே மாற்றலாம். மற்றவை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

படி 2: செயலிகளை நேரடியாகப் பேச விடாதீர்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால், மூன்று செயலிகளுக்கு 3 இணைப்பு, ஐந்துக்கு 10, எட்டுக்கு 28. அதனால் நடுவில் ஒரு மெசேஜ் கியூ, அதாவது செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம், வையுங்கள். ‘ஆர்டர் வந்தது’ என்று வலைத்தளம் அதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். கணக்குச் செயலி அந்த நேரம் படுத்துவிட்டாலும் செய்தி காத்திருக்கும். இதற்கென்றே ராபிட்எம்கியூ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் சின்னக் கடைக்கு வலைத்தளத்தின் டேட்டாபேஸிலேயே ஒரு டேபிள் போதும் என்பது என் கருத்து. ஆர்டரையும் செய்தியையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேமிக்கலாம்; அதாவது இரண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லையேல் இரண்டுமே பதிவாகாது. அதனால் ஒன்று பதிவாகி மற்றது விடுபட வழியில்லை.

படி 3: செய்தியின் வடிவத்தை முடிவு செய்யுங்கள். எங்களுடையது இப்படி:

செய்தி எண்: 1047
பொருள்: அரக்குப் பட்டு, 1
தொகை: 4905
நேரம்: 2025-10-12, 21:40, +08:00

தொகை காசில் இருப்பதைக் கவனியுங்கள். 45 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) 9% பொருள் சேவை வரியும் சேர்ந்து 49.05 வெள்ளி. அதைத் தசமமாக வைத்தால் கூட்டலில் பிசிறு வரும். பல நிரல்மொழிகளில் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது. முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. +08:00 என்பது சிங்கப்பூர் நேரத்தைக் குறிக்கிறது.

படி 4: இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வரும். வந்தே தீரும். சரக்குச் செயலி இருப்பைக் கழித்துவிடுகிறது. ‘கிடைத்தது’ என்ற பதில் போவதற்குள் நெட்வொர்க் அறுந்துவிடுகிறது. செய்தி கிடைக்கவில்லை என்று நினைத்து அனுப்பும் பக்கம் மறுபடி அனுப்புகிறது. எங்களுக்கு அப்படித்தான் நடந்து, ஒரே ஆர்டருக்கு இருப்பு இரண்டு முறை கழிந்தது. அலமாரியில் ஓர் அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் இருக்க, வலைத்தளம் ‘இருப்பு இல்லை’ என்றது. அதைக் கேட்டு வந்த பெண்மணி வேறு கடைக்குப் போய்விட்டார். அத்தையின் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தீர்வு எளிது. சரக்குச் செயலியில் ‘முடித்த செய்திகள்’ என்று ஒரு டேபிள் போட்டு, செய்தி எண்ணை யுனிக் ஆக, அதாவது ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி, வையுங்கள். எண்ணைப் பதிவதும் இருப்பைக் கழிப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்கட்டும். அதே எண் மறுபடி வந்தால் கழிக்காமல், ‘கிடைத்தது’ என்று மட்டும் பதில் சொல்லுங்கள். கணக்குச் செயலிக்கும் இதே ஏற்பாடு.

படி 5: பதில் வராவிட்டால் 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலுங்கள். அப்போதும் போகாத செய்தியைத் தனியாக ஒதுக்கி, உங்கள் கைப்பேசிக்குத் தகவல் வரச் செய்யுங்கள்.

சரி, சோதித்துப் பார்ப்போம். கணக்குச் செயலியை நிறுத்திவிட்டு மூன்று ஆர்டர் போடுங்கள். திரும்ப இயக்கியதும் மூன்றும் பதிவாக வேண்டும். அப்புறம் 1047ஐ வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்புங்கள். இருப்பு ஒன்று மட்டும் குறைந்தால் அத்தையிடம் கொடுத்துவிடலாம்.