பந்து வீசும்போது சரிந்த இடுப்பைச் சரிசெய்தது

வலது கை வேகப்பந்து வீச்சில் உடல் எடை வந்து விழுவது இடது காலில். இடது இடுப்பின் வெளிப்பக்கத் தசை பலவீனமாக இருந்தால் வலது இடுப்பு கீழே சரியும், இடது முட்டி உள்ளே மடங்கும். எனக்கு இருந்தது இதுதான். பின்னாலிருந்து எடுத்த செல்போன் வீடியோவில் கால்சட்டைப் பட்டியின் சாய்வே காட்டிக்கொடுத்தது.

இதைச் சரிசெய்த பயிற்சி: வெறுங்காலோடு கண்ணாடி முன் இடது காலில் மட்டும் 30 விநாடி நிற்பது, 3 முறை. பட்டி சாய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், 12 விநாடியே ஆனாலும். அடுத்து, 15 செ.மீ. படியில் இடது காலை ஊன்றி, வலது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏற வேண்டும், 8 தடவை. பலமான காலுக்கும் அதே எண்ணிக்கைதான், கூட்டவே கூடாது.

பேலன்ஸ் போர்டில் (நின்றால் ஆடும் பலகை) அவசரப்பட்டு ஏறியது தவறு. கணுக்கால் ஆடிச் சமாளித்துவிடும். இடுப்பின் பலவீனம் வெளியே தெரியாது.