கம்பத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

கோலாலம்பூரில் எத்தனையோ கோயில் இளைஞர் குழுக்கள் பணம் திரட்டி, பேராக், பகாங் உட்பகுதியில் இருக்கும் ஓராங் அஸ்லி என்ற மலேசியப் பழங்குடி மக்களின் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, குடிநீர் வசதி செய்துகொடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல மனசு. ஆனால் திறப்பு விழா படங்களோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீரைச் சோதிக்காமலே ஃபில்டர் வாங்குவதுதான் பெரிய தவறு. தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று கண்ணை நம்பிவிடுகிறோம். மலை ஓடை என்றால் பெரும்பாலும் கிருமிதான் கவலை, நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு அது போதாது. சொந்த ஊர்ப் பாசத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிணறு போட்டுக்கொடுக்க நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை பிடிக்கும், இன்னும் அதிகமானால் எலும்பும் கெடும். வங்காளதேசத்தில் 1970களில் வயிற்றுப்போக்கைத் தடுக்கத்தான் குழாய்க் கிணறுகளைப் பரப்பினார்கள், அவற்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது 1990களில்தான் வெளியே தெரிந்தது. லேப் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், மின்சாரம் ஒழுங்காக இல்லாத இடத்தில் ஆர்.ஓ. மெஷினை வைக்காதீர்கள். கம்பத்துக்கு மேலே ஓடை இருந்தால், பம்ப் இல்லாமல் குழாயில் தானாக இறங்கிவரும் முறையே போதும். அதிலும் பெருமழைக்குப் பிறகு தண்ணீர் எடுக்கும் வாயில் இலையும் மணலும் அடைக்கும், யாராவது ஏறிப்போய் அள்ளியாக வேண்டும். அந்த ஆள் யார், உடைந்த குழாய்க்குக் காசு எங்கிருந்து வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பாத்தின் எனப்படும் கம்பத்துத் தலைவரோடும், தண்ணீர் சுமக்கிற பெண்களோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். குழாய் எங்கே வரவேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களைக் கேட்காமல் இடம் குறிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் வீட்டு வாளியில் கெட்டுப்போவதையும் மறந்துவிடுகிறோம். கையோ குவளையோ உள்ளே போனால் போதும், கிருமி சேர்ந்துவிடும். மூடி போட்ட, அடியில் குழாய் வைத்த தொட்டியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள், அதற்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.