பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் தலைவலியா? முதலில் பிரஷர் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குத் தலை வலித்தால் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: தலையில் நீர் கோத்திருக்கிறது, தைலம் தேய், காதை மூடிக் கட்டு. என் நாத்தனாருக்கு ஐந்தாம் நாள் அதைத்தான் செய்தோம். சாயங்காலம் "கண்ணு முன்னாடி மின்மினி பறக்குது அண்ணி" என்றாள், பார்த்தால் விரல் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. மருந்துக்கடையில் அளந்தபோது 170/112.

பிள்ளை வெளியே வந்தால் பிரஷர் இறங்கிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 3 முதல் 6 நாளுக்குள்தான் அது உச்சத்துக்கு ஏறும், அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவளுக்கும் 6 வாரம் வரை வரலாம்.

அதனால் முதல் பத்து நாளாவது தினமும் அளந்து எழுதி வையுங்கள். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதையும் பாருங்கள். 140/90 வந்தால் அன்றைக்கே கிளினிக். 160/110, இதில் மேல் எண்ணோ கீழ் எண்ணோ ஒன்று தொட்டாலும் அடுத்த வேளைக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல் இருந்தால் எண் எதுவானாலும் கிளம்புங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112. எடுத்ததும் "பிள்ளை பெற்று இத்தனை நாள்" என்று முதலில் சொல்லுங்கள், அதைச் சொல்லாவிட்டால் வெறும் தலைவலி என்று நினைத்துவிடுவார்கள்.

பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள், வலிப்பை அடக்கும் மருந்து அதுதான்.

அப்புறம் பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், நிஃபெடிபின் போன்றவற்றைப் பால் கொடுக்கும்போதும் டாக்டர் கொடுப்பார், பாலுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். பிரசவ லேகியம் சாப்பிடட்டும், ஆனால் அது பிரஷரை இறக்காது. ஊறுகாயும் கருவாடும் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். இரவில் குழந்தையை வேறு யாராவது தூக்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள், பத்தியச் சாப்பாட்டில் காட்டும் அக்கறையை எங்கள் வீடுகளில் இதில் காட்டுவதில்லை.

குழந்தைக்கு 6 வாரத் தடுப்பூசி போடப் போகும்போது தாய்க்கும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 12 வாரம் ஆகியும் இறங்காவிட்டால் நிரந்தரப் பிரஷரா என்று பார்க்க வேண்டும். இறங்கிவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த பிள்ளை என்றால் நாள் தள்ளிப்போனதுமே கிளினிக்கில் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள், 12 வாரத்திலிருந்தே சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள்.