தேக்காவில் தொடங்காதீர்கள்: சிங்கப்பூரில் தமிழர் தடம் தேடி நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

தண்ணீர் போத்தல், குடை, நடப்பதற்கேற்ற செருப்பு எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடுமுறைக்கு விடுமுறை புதிதாக வருபவர்கள் அச்சு மாறாமல் செய்யும் தவறுகள் வேறு.

லிட்டில் இந்தியாவில் தொடங்கி அங்கேயே முடிப்பது

இதைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. தேக்கா என்றும் சொல்லும் லிட்டில் இந்தியாவின் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். வீரமாகாளியம்மன் கோயில், பூக்கடையில் ஒரு படம், வாழையிலைச் சாப்பாடு. தமிழர் வரலாறு முடிந்தது! அந்தக் கோயில் 1881ல் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலோ 1827. இடைப்பட்ட 54 ஆண்டில் பெரும்பகுதி வேறு பேட்டையில் கிடக்கிறது. இன்று அதற்குச் சைனாடவுன் என்று பெயர். பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள்.

தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள். 1879ல் கடலைத் தூர்க்கத் தொடங்கும்வரை தெலுக் ஆயர் தெருதான் கரை. கப்பல்காரர்கள் கால் வைத்த இடம். இப்போது அங்கிருந்து கடல் தெரியாது. பூன் டாட் தெரு முனையில் நாகூர் தர்கா, 1828-30ல் கட்டியது. நாகூர் ஆண்டவர் அடக்கமானது நாகூரில். இது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் அவர் நினைவாக எழுப்பியது. அடுத்து சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827ல் வெறும் கீற்றுக் குடிசையாக இருந்ததால் 'குச்சுப் பள்ளி' என்று பெயர்.

திரும்பி வந்து, கிராஸ் தெரு வழியாகச் சவுத் பிரிட்ஜ் சாலை. இடப்பக்கம் திரும்பி நடந்தால் முதலில் 1826ல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளி (சூலியா என்றால் தமிழ் முஸ்லிம்கள்), பிறகு மாரியம்மன் கோயில். 1819ல் பினாங்கிலிருந்து, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை நிறுவியது. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா என்று பெயர் வந்ததே இந்தக் கோபுரத்தால்தான். அந்தத் தெருவிலேயே சைனாடவுன் நிலைய வாசல். வடகிழக்கு ரயில் பாதையில் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. தேக்காவுக்கு அப்போது போங்கள்.

போனதும் தெருப்பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, இரண்டுமே எருமைதான். இந்தப் பக்கம் ஆட்களை இழுத்தது கால்நடைத் தொழில். கோயிலும் கடையும் பின்னால் வந்தவை.

நிறுவிய ஆண்டைக் கட்டடத்தின் வயதாக எடுத்துக்கொள்வது

1827ல் மாரியம்மனுக்கு மரமும் அத்தாப்பு ஓலையும்தான். நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ஆறு நிலைக் கோபுரம் 1925ல் கட்டியது. 'இருநூறு வருஷக் கோபுரம்' என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்.

ஒன்றும் மிஞ்சாத தெருவைத் தவிர்ப்பது

மார்க்கெட் தெருவில் இன்று பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் போக வேண்டும். நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக நின்ற இடம். ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, தரையில் உட்கார்ந்தே கொடுக்கல் வாங்கல். 1970களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். இன்றைய வானுயர்ந்த கட்டடங்களின் அடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, அதே நகரத்தார் 1859ல் எழுப்பிய டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் போங்கள். அதன் கட்டடமும் 1983ல் புதுப்பித்ததுதான். இங்கே பழையது என்றால் பெரும்பாலும் இடம்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கோயில்

நடை சாத்தியிருக்கும்.

வெள்ளி ஒரு மணிக்குப் பள்ளிவாசல்

ஜும்ஆ நேரம். தொழ வருபவர்களுக்கே இடம் போதாது.

ஞாயிறு மாலைத் தேக்காவைக் காட்சிப்பொருளாக்குவது

புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அது வாரத்தின் ஒரே ஓய்வு. முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். எந்த ஊர் என்று கேளுங்கள்; பேச விருப்பமிருந்தால் பேசுவார்.

திங்கட்கிழமை

கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு விடுமுறை.