டிவிடெண்டைப் பார்த்துப் பங்கு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

யாரோ சொன்னதைக் கேட்டு வாங்காதே, கடன் வாங்கிப் போடாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒரு பங்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்று கணக்குப் போடும் இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

டிவிடெண்ட் ஈல்டை வருமானம் என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கடந்த 12 மாதம் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவதுதான் ஈல்ட். விலை சரியச் சரிய அந்தச் சதவீதம் தானாக ஏறும். ஈல்ட் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் பங்கு, பெரும்பாலும் அடி வாங்கிய பங்காக இருப்பது அதனால்தான்.

சுரங்க நிறுவனமான வேதாந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23 நிதியாண்டில் ஐந்து தவணையாக, பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. ஆண்டு முடிவில் விலை சுமார் 275, ஆக ஈல்ட் கிட்டத்தட்ட 37 சதவீதம். பார்த்தவுடன் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் விலை சுமார் 400. விலையில் 125 போச்சு, டிவிடெண்டாக 101.50 வந்தது, நிகரம் 23.50 நஷ்டம், அதாவது சுமார் 6 சதவீதம். இதில் வரி இன்னும் சேரவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து நம் வருமான வரி ஸ்லாபில்தான் வரிக்கு உட்படுகிறது, அதனால் 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 31 ரூபாய்க்கு மேல் போய், நஷ்டம் 14 சதவீதத்தை நெருங்கிவிடும். சரி, 37 சதவீதத்தை நம்பி 275-க்கு வாங்கியவருக்கு, அடுத்த நிதியாண்டுக்காக வேதாந்தா அறிவித்த டிவிடெண்ட்? 29.50 ரூபாய்.

என் சித்தப்பா மகன் ஒருவன் ரெக்கார்டு டேட்டுக்கு (அன்று பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட்) முந்தின நாள் ஒரு பங்கை வாங்கிவிட்டு, சில வாரம் கழித்து "டிவிடெண்ட் வந்துடுச்சுண்ணா" என்று வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டினான். பங்கு விலை என்ன ஆச்சு என்று கேட்டால், அதைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்ற நாள்தான் எக்ஸ் டேட்; அன்று காலையிலேயே டிவிடெண்ட் அளவுக்கு விலை இறங்கித்தான் தொடங்கும். சந்தை அன்று வேறு காரணத்துக்காக ஏறினால் அந்த இறக்கம் கண்ணில் படாது, அவ்வளவுதான். நம் பணமே நம் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு வருகிறது, நடுவில் வரி கட்டுகிறோம்.

"500 சதவீத டிவிடெண்ட்!"

அது சந்தை விலை மீது இல்லை, நிறுவனம் பங்குக்கு நிர்ணயித்த முகமதிப்பின் மீது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கிடைப்பது 5 ரூபாய்.

தவறான நிஃப்டியோடு ஒப்பிடுவது

டிவியில் ஓடும் நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) எண்ணில் டிவிடெண்ட் கிடையாது. உங்கள் பக்கம் டிவிடெண்டைச் சேர்த்துக்கொண்டு அந்த எண்ணோடு ஒப்பிட்டு "நான் ஜெயித்துவிட்டேன்" என்பது நியாயமில்லை. டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் டிஆர்ஐ குறியீடு தனியாக இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகளே 2018 பிப்ரவரி முதல் அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி.

டீமெர்ஜரை மறப்பது

ஒரு நிறுவனம் தன் ஒரு பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிப்பதுதான் டீமெர்ஜர். 2025 ஜனவரியில் ஐடிசி பங்கு 10 வைத்திருந்தவர்களுக்கு ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கு 1 வந்தது. அதைச் சேர்க்காமல் ஐடிசி விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பு.

பல தேதிகளில் வாங்கியிருந்தால்

எக்ஸ்ஐஆர்ஆர், அதாவது ஒவ்வொரு வரவு செலவின் தேதியையும் வைத்து ஆண்டு வருமானச் சதவீதத்தைக் கணக்கிடும் எக்செல் ஃபார்முலா. வேறு வழி இல்லை.

டிவிடெண்ட் கொடுத்தால் ரிஸ்க் இல்லை என்று நம்புவது

2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி 38 சதவீதம் போல விழுந்தது. 38 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 61 சதவீதம் ஏற வேண்டும், எந்த டிவிடெண்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. அப்புறம் அதே ஆண்டு ஏப்ரலில், முடிந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து இனி டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. வங்கிப் பங்கு டிவிடெண்டை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட்டிருந்த ஓய்வுபெற்றவர்களுக்கு விலையும் இல்லை, வரவும் இல்லை. அவர்களிடம் ஓராண்டுச் செலவுக்கான பணம் எஃப்டியில் தனியாக இருந்திருந்தால், விழுந்த விலையில் பங்கை விற்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.